நில் ரிப்போர்ட்

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கணினியைத் திறந்ததும் வரைபடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். காய்ச்சல் ஏறியிருக்கிறதா, வயிற்றுப்போக்கு இறங்கியிருக்கிறதா என்று கோடு சொல்லும். எனக்குப் பழகிய வழி வேறு. திங்கட்கிழமை காலையில் யார் யார் ரிப்போர்ட் அனுப்பவில்லை என்ற பட்டியலை வைத்துக்கொண்டு போனை எடுப்பேன். கோட்டைப் பார்ப்பதெல்லாம் பதினொரு மணி டீக்கு அப்புறம்.

சுகாதார ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்து, பாதி சர்வீஸைக் கிராமங்களிலும் மீதியை ஒரு தென்மாவட்டத்தின் நோய்க் கண்காணிப்புப் பிரிவிலும் கழித்தவன் நான். டாக்டர் இல்லை, புள்ளியியல் பட்டமும் கிடையாது. வாராவாரம் வந்து விழும் எண்களில் எதை நம்பலாம், எதற்குப் பின்னால் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று டிடி சாரிடம் போய்ச் சொல்வது என் வேலை. சுகாதாரப் பணிகள் துணை இயக்குநரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இப்போது அந்தப் பதவிக்கு மாவட்ட சுகாதார அலுவலர் என்று பெயர்.

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 நவம்பரில் உலக வங்கி உதவியோடு தொடங்கியது. அதற்கு மூன்று படிவங்கள். கிராம சுகாதார செவிலியர் நிரப்புவது எஸ் ஃபார்ம். அதில் அறிகுறி மட்டும் இருக்கும். டாக்டர் நிரப்புவது பி ஃபார்ம். இன்ன நோயாக இருக்கலாம் என்று அவர் நினைப்பது. ஆய்வகம் தருவது எல் ஃபார்ம், பரிசோதனையில் உறுதியானது. எங்கள் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். எஸ் ஃபார்மில் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலை, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திடீரென்று வரும் வாதம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, இவை எதிலும் அடங்காத விநோதமான அறிகுறியோடு யாராவது செத்தார்களா, ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்களா என்று கடைசி வரியில் கேட்டிருக்கும். படிவத்தை வடிவமைத்தவர்களின் புத்திசாலித்தனம் முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது என்பேன். நாளைக்கு வரப்போகும் பெயர் தெரியாத நோய்க்கு ஒதுக்கிய இடம் அது. பெரும்பாலும் காலியாகவே வரும்.

என் தகராறே இந்தக் ‘காலி’யோடுதான். ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது கணக்கு. 5,000 பேரில் இந்த வாரம் ஒருவருக்கும் பேதி இல்லை என்று சிஸ்டர் பூஜ்யம் எழுதி அனுப்பினால், அது அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்ட தகவல். அதை நில் ரிப்போர்ட் என்போம். கட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை என்றால்? சிஸ்டர் லீவாக இருக்கலாம்; பிரசவ கேஸோடு மெடிக்கல் காலேஜ் போயிருக்கலாம்; சொட்டு மருந்து முகாமில் மாட்டியிருக்கலாம். கூட்டுத்தொகை போடும்போது கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். பாதிப் பேர் அனுப்பாத வாரத்தில் மாவட்டமே திடீரென்று ஆரோக்கியமாகிவிடும்.

பூஜ்யத்தையும் அப்படியே விழுங்கிவிட முடியாது. ஓர் இடத்திலிருந்து பத்து வாரம் தொடர்ச்சியாக எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போய்விடுவேன். 5,000 பேர் இருக்கும் ஊரில் இரண்டரை மாதமாக ஒரு பிள்ளைகூட இருமவில்லை என்றால் அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டாமா?

இதை எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தது போலியோ. இந்தியாவில் 1997இல் திடீர் வாதக் கண்காணிப்பு தொடங்கியபோது நான் களத்தில் இருந்தேன். போலியோவைத் தேடச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் பயிற்சிக்குப் போனால், போலியோ இல்லாத வாதத்தை எத்தனை கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். போலியோ அடியோடு ஒழிந்த நாட்டில்கூட, 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளில் வருஷத்துக்கு ஒருவருக்காவது வேறு காரணத்தால் திடீரென்று கைகால் விழத்தான் செய்யும். ஜிபிஎஸ் என்னும் நரம்பு நோய் அதில் முக்கியமானது. ஐந்து லட்சம் பிள்ளைகள் உள்ள மாவட்டம் ஐந்து பேரையாவது காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அங்கே வாதம் இல்லை என்று அர்த்தமாகாது. தேடவில்லை என்று அர்த்தம். பின்னாளில் இந்தியாவுக்கு அந்த அளவை லட்சத்துக்கு இரண்டாக உயர்த்தினார்கள்.

எங்களுக்கு அது பெரிய திருப்பம். அதுவரை நோய் இல்லை என்று எழுதினால் மேலே சந்தோஷப்படுவார்கள். இப்போது இல்லை என்று எழுதினால் ஏன் இல்லை என்று கேள்வி வந்தது. குழந்தைகள் வார்டு பதிவேடு, பிசியோதெரபி அறை, எலும்பு வைத்தியர் வீடு, எண்ணெய் தடவி உருவிவிடும் பாட்டி என்று ஓர் இடம் விடாமல் போய்க் கேட்போம். கேஸ் கிடைத்துவிட்டால் வாதம் தொடங்கிய 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளி விட்டு, இரண்டு மல மாதிரி எடுக்க வேண்டும். ஐஸ் உருகாமல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அறுபது நாள் கழித்துத் திரும்பப் போய், பலவீனம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “கால் வெளங்கலன்னு வந்திருக்கோம், நீங்க வெளிக்குப் போனதக் கேக்கியளே சார்!” என்று ஒரு தாய் சண்டைக்கே வந்தார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த மாதிரியால் அவர் பிள்ளைக்கு நேரடியாக ஒரு பிரயோஜனமும் கிடையாது.

நாட்டின் கடைசிப் போலியோ நோயாளிக்கு வாதம் வந்தது 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹௌராவில். 2014 மார்ச் 27 அன்று நம் நாடு அடங்கிய தென்கிழக்காசிய மண்டலத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. நாடு முழுக்க எங்களைப் போன்றவர்கள் ஐஸ் பெட்டியில் அனுப்பிய, போலியோ இல்லை என்று முடிவு வந்த அத்தனை மாதிரிகளும் சேர்ந்துதான் அந்தச் சான்று.

மலேரியாக்காரர்களுக்கு இது முன்பே தெரியும். நாடு முழுக்க 1965இல் லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்ட மலேரியா 1976இல் 64 லட்சமாகத் திரும்பி வந்தது. காய்ச்சல்காரர்களிடம் எத்தனை ரத்தத் தடவல் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் எத்தனை பேருக்கு மலேரியா என்பதை மட்டும் பேசக்கூடாது என்பது அவர்களின் பழைய விதி. தடவலைக் குறைத்தால் மலேரியா தானாகக் குறையும். காகிதத்தில்.

எதிர்ப்பக்கத்து விஷயமும் உண்டு. பரிசோதனை வந்தால் நோய் ‘வரும்’. உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். புதர்க்காட்டில் இருக்கும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடித்து வருவது அது. கடித்த இடத்தில் பலருக்குக் கருத்த பொருக்கு இருக்கும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ இருக்குமாதலால் சட்டையைக் கழற்றிப் பார்க்காத டாக்டருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பல வருஷம் அது டைபாய்டு, ‘விஷக் காய்ச்சல்’ என்ற பெயர்களில் உலவிக்கொண்டிருந்தது. எலைசா என்னும் ரத்தப் பரிசோதனைக்கான கிட் வந்ததும் எண்ணிக்கை ஏறியது. புது நோய் பரவுகிறது என்று செய்தி வந்தது. புதிதாக வந்தது கிட்தான். நோய் ஆடு மேய்க்கிறவர்களுக்கும் விறகு பொறுக்கப் போகிறவர்களுக்கும் எப்போதும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

டெங்குவில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். மெடிக்கல் கடைக்குப் பக்கத்து லேபில் அரைமணி நேரத்தில் ஓர் அட்டையைக் காட்டி டெங்கு என்று சொல்லிவிடுவார்கள். தேசியத் திட்டத்தின் கணக்கில் எலைசாவில் உறுதியானால்தான் டெங்கு. ஆகவே ஊரில் எல்லோருக்கும் டெங்கு, எங்கள் ஏட்டில் நாலு பேருக்கு டெங்கு என்று ஆகும். ‘அரசு மறைக்கிறது’ என்பார்கள். தமிழ்நாட்டில் 2012இல் 12,826 பேருக்கு டெங்கு, 66 சாவு என்பது அதிகாரபூர்வக் கணக்கு. திருநெல்வேலிச் சீமையில் கடையநல்லூர்ப் பக்கம் அந்த வருஷம் அடித்த அடியை யாரும் மறக்க முடியாது. 2017இல் 23,294 பேர், சாவு 65. இரண்டையும் பக்கத்தில் வைத்து, நோய் ஏறக்குறைய இரட்டிப்பானது, ஆனால் சாகடிக்கும் வேகம் பாதியானது என்று படிக்க யாருக்கும் கை துறுதுறுக்கும். இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் எத்தனை இடங்களுக்கு எலைசா வசதி போய்ச் சேர்ந்தது என்று கேட்காமல் அப்படிப் படிக்க நான் விடமாட்டேன். சாவு எண்ணிக்கைதான் இரண்டில் கொஞ்சம் உறுதியானது. அதுவும் கொஞ்சம்தான்.

‘மர்மக் காய்ச்சல்’ என்ற தலைப்பைப் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் பார்க்காத மழைக்காலம் எனக்கு நினைவில்லை. சக ஊழியர்கள் எரிச்சல்படுவார்கள். எனக்கு அது இலவச ரிப்போர்ட். 2008 முதல் டெல்லியிலேயே ஊடகச் செய்திகளைப் பார்த்து மாவட்டத்துக்குத் திருப்பிக் கேட்க ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். நிருபர் எழுதிய எண்ணிக்கை பெரும்பாலும் தப்பாக இருக்கும். ஊர்ப் பெயர் சரியாக இருக்கும். எனக்கு ஊர்ப் பெயர் போதும்.

பொங்கல் வாரம் எல்லா நோயும் இறங்கும். தீபாவளிக்கும் அப்படியே. பண்டிகை நாளில் ஓபி சீட்டு வாங்கி யார் வரிசையில் நிற்பார்கள்? அடுத்த வாரம் எல்லாம் சேர்ந்து ஏறும். அதனால் போன வாரத்தோடு ஒப்பிடுவது வீண்வேலை. முந்தைய சில ஆண்டுகளின் இதே வாரத்தை எடுத்து, வழக்கமான அளவும் வழக்கமான ஆட்டமும் எவ்வளவு என்று பார்த்து, அதைத் தாண்டினால்தான் எச்சரிக்கை. தீபாவளி ஐப்பசியில் முன்னே பின்னே நகர்வதால் இதே வாரம் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்வேன். ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்று சொல்லலாம் என்றால், அந்த ஆயிரமே 2011 கணக்கெடுப்பை வைத்து நீட்டிச் சொன்னது. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு எடுக்கப்படவில்லை. செங்கல் சூளைகளில் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கும் வெளிமாநிலத்தவர் எந்த ஆயிரத்திலும் இல்லை. காய்ச்சல் மட்டும் அவர்களுக்கும் வரும்.

இத்தனை வடிகட்டலுக்குப் பிறகும், ஒரு நோய்ப்பரவலை வரைபடம் எனக்கு முதலில் சொன்னதாக நினைவில்லை. ஒரு வியாழக்கிழமை இரவு ஒரு கிராம சுகாதார செவிலியர் கூப்பிட்டார். “சார், நடுத்தெருவுல மட்டும் சாயங்காலத்துலேந்து எல்லாரும் ஓஆர்எஸ் பாக்கெட் கேட்டு வாராக. ஒரே தெரு சார், அதான் சொல்லுதேன்.” ஒரே தெரு என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் கூப்பிட்டிருந்தார். பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ள அம்மா.

காலையில் குழு போனது. லைன் லிஸ்ட் எழுதினோம்: பெயர், வயது, வீடு, எப்போது தொடங்கியது, எங்கே தண்ணீர் பிடித்தார்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும்போதா, பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகா, ராத்திரி சீரியல் ஓடும்போதா என்று கேட்க வேண்டும். டக்கென்று பதில் வரும். புதன் இரவிலிருந்து வியாழன் மாலைக்குள் பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பித்திருந்தது. ஊரே மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தது, குளோரின் போடவில்லை என்று. அந்த மனிதர் ஒதுங்கி நின்றார். குளோரின் இருக்கிறதா என்று குளோரோஸ்கோப்பில் பார்த்தோம். தொட்டியடியில் மஞ்சள் நிறம் நன்றாகவே வந்தது. நடுத்தெருவின் கடைசிக் குழாயில் நிறமே வரவில்லை.

வீடுகளைத் தாளில் வரைந்து புள்ளி வைத்தபோது, ஒரே கிளைக்குழாயின் மேல் எல்லாப் புள்ளியும் விழுந்தது. சொந்த போர் உள்ள வீடுகளில் யாருக்கும் இல்லை, ஒரு சிறுவனைத் தவிர. அவன் தினமும் சாயங்காலம் அந்தத் தெருவிலுள்ள ஆச்சி வீட்டில்தான் இருப்பானாம். தெருமுனையில் வால்வு குழி. மூடி உடைந்து, சாக்கடைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். அந்த ஒரு மணி நேரமும் வீட்டுக்கு வீடு குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுவார்கள். குழாயில் தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் ஓடும். வேறு எதை உறிஞ்சும்? குழியில் இருந்ததைத்தான்.

வால்வு மாற்றி, குழியைச் சுத்தம் செய்து, லாரித் தண்ணீர் கொடுத்து, நாலு நாளில் அடங்கியது. திங்கட்கிழமை எஸ் ஃபார்ம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாவட்ட வரைபடத்தில் அந்த வாரத்தை எடுத்துப் பார்த்தேன். வயிற்றுப்போக்குக் கோட்டில் ஒரு நெளிவுகூட இல்லை. ஒரு தெருவின் கதை ஒரு மாவட்டத்தின் கூட்டுத்தொகைக்குள் கரைந்துவிடும். அந்தக் கோடு வேறு வேலைக்கு: மழைக்கு முந்தி எவ்வளவு ஓஆர்எஸ் வாங்கி வைக்க வேண்டும், எந்த வட்டாரத்தில் மூன்று வருஷமாகக் காமாலை குறையவே இல்லை என்பதற்கு. அதற்கு அது நல்ல கருவி.

2021 ஏப்ரல் முதல் நாடு முழுக்க ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் வந்துவிட்டது. வாராந்திரக் கூட்டுத்தொகை போய், தினமும், ஆள்வாரியாக, இடத்தோடு பதிவு. நல்ல மாற்றம், ஃபார்ம் காலத்துக்குத் திரும்பிப் போக எனக்கு ஆசை இல்லை. ஆனால் செவிலியர் பகலெல்லாம் வீடு வீடாக நடந்துவிட்டு, ராத்திரி சமையல் முடித்து உட்கார்ந்து தட்டுகிறார். பதினைந்து பேருக்கும் காய்ச்சல் ஒரே நாளில் தொடங்கியதாகத் திரையில் செங்குத்தாக ஒரு கம்பம் நின்றால், முதலில் சிஸ்டருக்கு எப்போது நெட் கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

இந்த வேலையில் எனக்கு உண்மையான கோபம் ஒன்றின் மேல்தான்: தரவரிசை. ஆய்வுக் கூட்டத்தில் திரையில் வட்டாரங்களை வரிசைப்படுத்திப் போட்டு, அதிகம் உள்ளவரை எழுப்பி நிற்கவைத்து “உங்க பிளாக்ல மட்டும் ஏன் இவ்வளவு?” என்று கேட்பார் தலைமையில் இருப்பவர். நன்றாகத் தேடியவர் திட்டு வாங்குவார். தேடாதவர் உட்கார்ந்திருப்பார். அடுத்த மாதம் இரண்டு பேரும் ஒரே மாதிரி ரிப்போர்ட் அனுப்புவார்கள். எத்தனையோ கூட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மாற்றும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1990களின் நடுவிலிருந்து தாய் இறப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து விசாரிக்கும் முறை இங்கே உண்டு. எந்த வீட்டில் வலி கண்டது, வண்டி எப்போது வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை என்று வரிசையாகக் கேட்பார்கள். மறைத்தால்தான் குற்றம், எண்ணிக்கை கூடினால் குற்றமில்லை என்று ஆக்கினால்தான் அந்த முறை நடக்கும். மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 2018-20இல் தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54. கொரோனாவிலும் எங்கள் எண்ணிக்கையை நாங்களே சந்தேகப்பட்டுப் பார்த்தோம். 2020 அக்டோபர்-நவம்பரில் மாநிலம் முழுக்க ரத்தம் எடுத்து எதிர்ப்பணு பார்த்ததில் ஏறக்குறைய 32 விழுக்காட்டினருக்கு இருந்தது. அதாவது 2 கோடிக்கு மேல். அன்றைக்கு ஏட்டில் இருந்த தொற்று 8 லட்சத்துக்கும் குறைவு.

ஏட்டுக்கு வெளியே நிற்பதில் பெரும்பங்கு தனியார் மருத்துவமனை. எங்கள் ஊரில் காய்ச்சல்காரர் முதலில் போவது மெடிக்கல் கடை அண்ணாச்சியிடம். கேட்காவிட்டால் தனியார் கிளினிக். மூன்றாவதாகத்தான் அரசு ஆஸ்பத்திரி. கிளினிக் டாக்டர்கள் ரிப்போர்ட் தரத் தயங்குவார்கள். தந்த மறுநாளே கொசு ஒழிப்புப் பணியாளர்கள் நோயாளி வீட்டு வாசலில் நிற்பார்கள், நோயாளி டாக்டரிடம் போய்ச் சண்டை போடுவார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வட ஆற்காட்டில் 1980களில் வேலூர் சிஎம்சியின் டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர் முகவரி அச்சிட்ட அஞ்சலட்டைகளை அரசு, தனியார் என்று பாராமல் டாக்டர்களிடம் கொடுத்து நோய்த் தகவல் சேர்த்தார்கள். அதை ஒரு மாவட்ட மாதிரியாக 1998இல் லான்செட் இதழிலும் எழுதினார்கள். எல்லோரும் அஞ்சலட்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது, அனுப்பியவருக்கே மாதாமாதம் ஒரு செய்தி மடலாக அது திரும்பிப் போனது.

அந்த யோசனையை எடுத்துக்கொண்டு புதன்கிழமைதோறும் ஒரு பக்கத் தாள் தயாரித்தேன். எந்தப் பகுதியில் என்ன காய்ச்சல் உறுதியாகிறது, எலைசா எங்கே எடுக்கலாம், எந்த ஊர்த் தண்ணீரில் குளோரின் இல்லை என்று நாலைந்து வரி. முதலில் ஜெராக்ஸ், அப்புறம் டாக்டர்களின் வாட்ஸ்அப் குழு. பலர் படித்தார்களா என்றே தெரியாது. ஒரு வாரம் தேர்தல் வேலையில் தாள் போடவில்லை. வியாழக்கிழமை ஒரு கிளினிக் டாக்டர் கூப்பிட்டார். எனக்கு ஒரு ரிப்போர்ட்கூட அனுப்பியதில்லை அவர். “என்ன சார், இந்த வாரம் ஷீட்டக் காணலியே? ரெண்டு பேரு பிளேட்லெட் இறங்கி வந்திருக்காங்க, உங்க பக்கம் எப்படின்னு பாக்கலாம்னு…” அந்த இரண்டு பேர் எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னார். அடுத்த புதன் அவரே எண்ணிக்கை அனுப்பினார். அதற்கடுத்த வாரம் வரவில்லை. திங்கட்கிழமை பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டு போன் போட்டேன்.